சர்க்கரை நோயாளியின் கணையம்: வயிற்று ஸ்கேனில் எது தெரியும், எது தெரியாது

"சுகர் வந்து பத்து வருஷமாச்சு, கணையத்தை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து மருத்துவமனைகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. இன்சுலினைச் சுரப்பது கணையம். அது குறைந்தால் சர்க்கரை. அப்படியென்றால் கணையத்தைப் படம் பிடித்தால் காரணம் தெரிந்துவிடும் என்பது கேட்பவரின் கணக்கு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு விடை ஏமாற்றம் தரும். பழுது நடந்திருக்கும் இடம் அல்ட்ராசவுண்டின் கண்ணுக்கு எட்டாத அளவில் இருக்கிறது.

இன்சுலின் சுரக்கும் செல்கள் கணையம் முழுவதும் சிறு சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு திட்டின் விட்டம் 0.1 முதல் 0.2 மி.மீ. ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். மீதியெல்லாம் செரிமான நீர் சுரக்கும் பகுதி. வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் ஒலி பெரும்பாலும் 3.5 மெகாஹெர்ட்ஸ். உடல் திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்கில் ஒரு அலையின் நீளம் 0.44 மி.மீ. அலையைவிடச் சிறிய பொருளைத் தனியாகப் பிரித்துக் காட்ட அந்த அலையால் முடியாது. அலைவெண்ணைக் கூட்டினால் நுணுக்கம் கூடும், ஆழம் போய்விடும். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு செ.மீ.க்கு அரை டெசிபல் வீதம் ஒலி தேய்கிறது. 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் கணையத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியே 35 டெசிபல் இழந்துவிடும். எனவே சர்க்கரை இருக்கிறதா, எந்த வகை, எவ்வளவு இன்சுலின் மிச்சம் என்பதையெல்லாம் ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தேவைப்பட்டால் சி-பெப்டைடு (உடம்பே சுரக்கும் இன்சுலினின் அளவுகோல்), ஜிஏடி எதிர்ப்பொருள் (முதல் வகை சர்க்கரையின் அடையாளம்).

முதல் வகை (டைப் 1) சர்க்கரையில் கணையம் கணிசமாகச் சுருங்குகிறது, இரண்டாம் வகையிலும் (டைப் 2) ஓரளவு சுருங்குகிறது என்பது சி.டி., எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆனால் அது கூட்டமாகப் பார்க்கும்போது தெரியும் சராசரி. வயதானாலும் கணையம் சுருங்கும். ஆளுக்கு ஆள் அளவும் மாறும். தனி ஒருவரின் படத்தைப் பார்த்து "கணையம் சின்னதாக இருக்கிறது, அதனால்தான் சுகர்" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் எதற்கு இந்த ஸ்கேன்? சர்க்கரையை உண்டாக்கிய அல்லது சர்க்கரையோடு சேர்ந்து வந்த வேறொரு கணைய நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. ஒல்லியான உடம்பு, முப்பதுக்குள் சர்க்கரை, சிறு வயதிலிருந்தே விட்டுவிட்டு மேல்வயிற்று வலி. இது ஒரு வகை. ஐம்பது தாண்டி, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சர்க்கரை திடீரென வந்து, கூடவே எடையும் குறைகிறது. இது இன்னொன்று. பல ஆண்டு கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை, உணவும் மருந்தும் மாறாமலே கை மீறுவது மூன்றாவது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது, முதுகுக்குப் பாயும் கடும் வயிற்று வலி, கண் மஞ்சளாவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பத்தைந்து வயதில், தொப்பையோடு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருந்த அதே சர்க்கரை வந்தவருக்கு வலியோ எடைக் குறைவோ இல்லையென்றால் கணையத்துக்காக மட்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் கண் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும் செய்தால் உருப்படியான பயன் உண்டு.

தென்திருவிதாங்கூரின் பழைய கதை

மேலே சொன்னவற்றில், ஒல்லியான இளம் வயதினருக்கு வயிற்று வலியோடு வரும் சர்க்கரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தனிக் கவனம் பெற வேண்டியது. கணையக் குழாய்க்குள் கல் அடைத்து, கணையம் நாராகிச் சுருங்கி, அதன் விளைவாக வரும் சர்க்கரை அது. மருத்துவர்கள் எஃப்.சி.பி.டி. என்று எழுதுவார்கள்; கணையக் கல் நீரிழிவு என்று வைத்துக்கொள்ளலாம். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். அதற்குப் பின் உலகத்திலேயே பெரிய எண்ணிக்கையில் நோயாளிகளைத் தொகுத்துக் காட்டியவர் கேரளத்தின் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ். கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை. களியக்காவிளையில் மாநில எல்லை இருக்கிறது. நோய்க்கு அந்த எல்லை தெரியாது.

இந்த நோய்க்கு முதலில் சந்தேகத்தில் சிக்கியது மரச்சீனிக் கிழங்கு. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பஞ்சத்துக்கு மாற்றாக அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழை வீடுகளில் அதுவே முழுச் சாப்பாடானது. கிழங்கில் உள்ள லினமரின் என்ற பொருளிலிருந்து சயனைடு வெளிவரும். புரதம் குறைந்த உடம்பு அதை முறிக்க முடியாமல் கணையம் கெடுகிறது என்ற கருதுகோளை 1979-இல் மக்மில்லன் என்ற ஆய்வாளரும் கீவர்கீஸும் முன்வைத்தார்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் அது நிற்கவில்லை. கிழங்கே தின்னாத வட இந்தியப் பகுதிகளிலும் நோய் இருக்கிறது. கிழங்கை முக்கிய உணவாகக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்காவில் அரிதாக இருக்கிறது. 2000-க்குப் பிறகு ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் இந்திய நோயாளிகளில் பெரும் பங்கினருக்கு இருப்பது தெரிந்தது. கணையத்துக்குள்ளேயே செரிமான நொதி விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இதை ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவின் கீழ் வைத்தது. 1999-இல் அந்தப் பிரிவையே நீக்கி, கணைய நோய்களால் வரும் நீரிழிவோடு சேர்த்தது. ஆகவே தோலுரித்து, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மீன்குழம்போடு சாப்பிடும் கிழங்குக்குக் கணையத்தைக் கெடுத்த பழி இனி வேண்டாம். (சர்க்கரை நோயாளி அதை எத்தனை துண்டு சாப்பிடலாம் என்பது வேறு வழக்கு. அதில் கிழங்கு குற்றவாளிதான்.)

வலியைத் தவறாகப் படிப்பது இங்கே இன்னொரு சிக்கல். வயிற்றுவலி என்றால் அல்சர் என்ற எண்ணம் இந்தப் பகுதியில் ஆழமாக ஊறியது. எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் சோமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் குடல்புண்ணுக்குச் செய்த அறுவைகள் பேர்போனவை. அந்த அளவுக்கு அல்சர் இங்கே பரவலாக இருந்தது. அதன் மிச்சமாக, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலி வந்து சுருண்டு படுத்தாலும் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்து வீடு அடங்கிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் சர்க்கரை வரும்போது வலி பெரும்பாலும் குறைந்திருக்கும். கணையம் எரிந்து முடிந்ததால் வந்த அமைதி அது. அப்போது யாரும் பழைய வலியைக் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. இளம் வயது, ஒல்லி, இன்சுலின் வேண்டும் என்றவுடன் முதல் வகை என்று முத்திரை விழுகிறது. கணையக் கல் நீரிழிவில் சர்க்கரை 400, 500 என்று ஏறினாலும் கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரியும்போது சேரும் அமிலம்) பெரும்பாலும் ஏறாது. சி-பெப்டைடு கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். ஜிஏடி எதிர்ப்பொருள் வழக்கமாக இருக்காது. இந்த மூன்றும் பொருந்தினால் ஸ்கேன் கட்டாயம்.

இங்கே படம் ஏமாற்றாது. கணையக் குழாய் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டியது 8, 10 மி.மீ. என்று விரிந்திருக்கும். அதற்குள் வெள்ளை வெளேரென்ற கற்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் கருநிழல். சுற்றியுள்ள திசு மெலிந்து கரடுமுரடாக இருக்கும். குடியால் வரும் நாள்பட்ட கணைய அழற்சியிலும் கல் வரும். அவை பெரும்பாலும் பொடிப்பொடியாகத் தூவியதுபோல் இருக்கும். இதிலோ பெரிய, அடர்த்தியான கற்கள் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கல்லில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலும் முதலிரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் இருபுறமும் தெரியும். அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம். செலவு குறைவு, எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் முடியும். இந்த எளிய படம் இப்போது வழக்கொழிந்து வருவது நட்டம்தான்.

வெறும் வயிறும் சர்க்கரை மாத்திரையும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. முன்னால் இரைப்பை, கீழே பெருங்குடல், தலைப்பகுதியைச் சுற்றி முன்சிறுகுடல். இந்த மூன்றிலும் வாயு இருக்கும். திசுவும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலியில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுவதால் வாயுவுக்குப் பின்னால் இருப்பது எதுவும் படத்தில் வராது. 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்வது இதற்காகத்தான். முந்தின இரவு பயறு, கடலை, கிழங்கு, சோடா தவிர்த்து, கஞ்சியோ இட்லியோ எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. காலையில் பீடி, வெற்றிலை, மிட்டாய் எதுவும் வேண்டாம். மெல்லும்போதும் புகைக்கும்போதும் காற்று உள்ளே போகும். பால் சாயா குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். கணையத்தில் பிரச்சினை என்றால் பித்தப்பைக் கல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதால் அந்த ஒரு சாயா முழு ஸ்கேனையும் பாழாக்கும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். மொத்த வயிற்று ஸ்கேன் என்றால் சிறுநீர்ப்பை நிறையவும் அது தேவை. ஆனால் மடமடவென்று அண்ணாந்து குடித்தால் தண்ணீரோடு காற்றும் இறங்கும். மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும்.

சர்க்கரை இல்லாதவருக்கு இந்த வெறும் வயிறு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு இது ஆபத்தாகலாம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைப் பிழிந்துவிடும். அதிகாலை நான்கு மணிக்கு ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, குலசேகரத்திலிருந்து பஸ் பிடித்துப் பதினோரு மணிக்கு ஸ்கேன் அறை வாசலில் காத்திருப்பவருக்குக் கை நடுங்கி வேர்ப்பதில் வியப்பில்லை. கடலுக்குப் போய் விடியலில் கரை சேரும் குளச்சல், முட்டம் தொழிலாளிக்கும் இதே நிலைதான். வெறும் வயிற்றோடு உடலுழைப்பும் சேர்வதை ஸ்கேன் மையத்தின் அறிவுரைச் சீட்டு கணக்கில் எடுப்பதில்லை. முந்தின நாள் வேலை முடித்து, மறுநாள் காலை முதல் ஆளாக, ஒன்பது மணிக்குள் ஸ்கேன் முடியும்படி நேரம் வாங்க வேண்டும்.

காலை சர்க்கரை மாத்திரைகளை ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். உணவுக்கு முன் போடும் இன்சுலினும், காலை கலவை இன்சுலினும் அப்படியே. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகளையும் சாப்பிடும் வரை தள்ளிவைப்பது பாதுகாப்பு. பட்டினியில் அவை கீட்டோனை ஏற்றக்கூடும். ரத்த அழுத்த, தைராய்டு மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு வழக்கம்போல எடுக்கலாம். முதல் வகை சர்க்கரை உள்ளவர் நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதா என்பதை மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காத்திருக்கும்போது படபடப்பு, வேர்வை, கண் இருட்டு வந்தால் சர்க்கரையைச் சோதித்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்துவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. "ஸ்கேன் கெட்டுப்போகும்" என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. தெளிந்த சர்க்கரைத் தண்ணீர் படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. கெடுத்தாலும் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டு மணி நேரம் சரியாகப் பட்டினி கிடந்தும் சிலருக்கு இரைப்பையில் நேற்றைய சோறு அப்படியே இருக்கும். பல ஆண்டு சர்க்கரையில் இரைப்பையை இயக்கும் நரம்பு கெட்டிருந்தால் உணவு நகராது. செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு போன்ற ஊசி போடுபவர்களுக்கும் இரைப்பை மெதுவாகவே காலியாகும். அப்போது நோயாளி பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாமல், அதையே ஒரு கண்டுபிடிப்பாக அறிக்கையில் எழுதுவது நல்ல மருத்துவர் செய்யும் வேலை. சாப்பிட்ட பின் வயிறு மணிக்கணக்கில் கனமாக இருப்பதற்கும், சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்குவதற்கும் விளக்கம் அங்கேதான் கிடைக்கும்.

மேசையில் படுத்த பின்

அனுபவமுள்ளவர் கணையத்தை நேரடியாகத் தேட மாட்டார். ரத்தக் குழாய்களைத் தேடுவார். மேல்வயிற்றில் குறுக்காகக் கருவியை வைத்து, இடது முனையைச் சற்று மேலே திருப்பினால், மண்ணீரல் சிரை ஒரு கரும்பட்டையாக ஓடுவது தெரியும். அதற்கு முன்னால் ஒட்டிக் கிடப்பது கணையத்தின் உடல். சிரைக்குப் பின்னால் வெள்ளைக் கொழுப்பு வளையம் சூழ்ந்த சிறு கரும்புள்ளி மேல் குடல் தமனி. சிரையை வலப்புறம் தொடர்ந்தால் அது பெருத்து, குடலிலிருந்து வரும் சிரையோடு சேரும் இடம் வரும். அதன் முன்னால் கணையத்தின் கழுத்து, வலப்புறம் தலை. தலையின் பின்விளிம்பில் பித்தக் குழாயும் முன்விளிம்பில் ஒரு தமனியும் இரண்டு புள்ளிகளாக எல்லை காட்டும். வால்பகுதிதான் கடினம். முன்னாலிருந்து பார்த்தால் இரைப்பை மறைக்கும். நோயாளியை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, இடது விலா எலும்புகளுக்கிடையே மண்ணீரல் வழியாகப் பார்க்க வேண்டும். அவசரமான ஸ்கேன்களில் இந்தப் படிதான் முதலில் விட்டுப்போகிறது. வாலில் இருக்கும் கட்டி தப்பிப்பதும் இதனால்தான்.

"அண்ணே, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பது கல்லீரலைக் கீழே இறக்க. கல்லீரலின் இடது மடல் இறங்கி வந்தால் ஒலிக்கு அது நல்ல சன்னல். "வயித்தை உப்ப வையுங்க" என்றாலும் அதே வேலை சிலருக்கு நன்றாக நடக்கும். கருவியால் மெதுவாக, விடாமல் அழுத்தினால் வாயு ஒதுங்கும். வெடுக்கென்று அழுத்தினால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், பிறகு எதுவும் தெரியாது. அப்படியும் மறைத்தால் எழுந்து உட்கார வைத்துப் பார்க்கலாம். அதுவும் பலிக்கவில்லையென்றால் 400 முதல் 500 மி.லி. தண்ணீர் கொடுத்து, நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு, உட்கார்ந்த நிலையில் இரைப்பை நீர் வழியாகவே பார்க்கலாம். டயாலிசிஸில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்குத் தண்ணீர் அளவு கட்டுப்பாடு உண்டு, அவருக்கு இது வேண்டாம். இத்தனையும் செய்ய ஐந்து நிமிடம் போதாது. வரிசையில் நாற்பது பேர் நிற்கும் அறையில் எத்தனை பேருக்கு இத்தனையும் நடக்கும் என்பது வாசகருக்கே தெரியும்.

முன்பின் தடிமன் தலையில் 3 செ.மீ., உடலில் 2.5 செ.மீ., வாலில் 2 செ.மீ. வரை சாதாரணம் என்று கொள்ளலாம். குழாயின் உள்ளளவு தலையில் 3 மி.மீ., உடலில் 2 மி.மீ.; வயதானவர்களுக்குச் சற்றுக் கூடும். தடிமனைவிடக் குழாய் அளவுக்கே மதிப்பு அதிகம்.

தவறாகப் படிக்கப்படும் சில விஷயங்கள் சர்க்கரை நோயாளிகளில் கூடுதல். வயதான சர்க்கரை நோயாளியின் மண்ணீரல் தமனி வளைந்து நெளிந்து, சுவரில் சுண்ணாம்பு படிந்து கிடக்கும். கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி ஓடும் அதைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் கணையக் கல் மாதிரியே தோன்றும். நீளவாக்கில் விரிந்த குழாய் மாதிரி தோன்றும். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தமனியில் ரத்தம் ஓடும், குழாயில் ஓடாது. சிறிய கல்லுக்கு நிழல் விழாமல் போகலாம். கலர் போட்டால் கல்லின் பின்னால் வண்ணங்கள் மினுங்கும், அது ஒரு துப்பு. இரைப்பையின் பின்சுவர்த் தசை கருங்கோடாகத் தெரிந்து கணையக் குழாயாக அளக்கப்படுவது புதியவர்களின் வழக்கமான பிசகு. முன்சிறுகுடலுக்குள் தேங்கிய உணவு தலைப்பகுதிக் கட்டியாகத் தோன்றுவதும் உண்டு. தண்ணீர் குடிக்கவைத்து அது அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கொழுப்பு படிந்த கணையத்தில், தலையின் பின்பாதியில் மட்டும் கொழுப்பு படியாமல் கறுப்பாக நிற்பதைப் பார்த்துக் கட்டி என்று எழுதியதும் நடந்திருக்கிறது. கட்டியானால் குழாயை நெருக்கும், வடிவத்தை மாற்றும். இது இரண்டையும் செய்யாது.

அறிக்கைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது

"பேன்கிரியாஸ் அப்ஸ்க்யூர்ட் பை பவல் கேஸ்" என்றால் வாயு மறைத்ததால் கணையம் தெரியவில்லை என்று பொருள். கணையம் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. வீட்டில் "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லப்படும் பல தாள்களில் இந்த வரிதான் இருக்கும். "ஹெட் அண்ட் பாடி நார்மல், டெயில் நாட் விசுவலைஸ்டு" என்பது நேர்மையான அறிக்கை. எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று பிரித்துச் சொல்கிறது. "பல்க்கி" என்றால் பருத்திருக்கிறது. கடும் வலியும், ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி மேல்வரம்பைப் போல மூன்று மடங்கும் இருந்தால் அது கணைய அழற்சி. வலியே இல்லாத ஒருவருக்கு "மைல்டு பல்க்கி" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது பார்த்தவரின் கை அளவு. ட்ரைகிளிசரைடு 1,000-க்கு மேல் போன, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிக்கு அழற்சி வருவது உண்மையான ஆபத்து. அப்போது குடல் முடங்கி வாயு நிறைவதால் கணையம் சரியாகத் தெரியாது. ஸ்கேனின் முதல் வேலை பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று சொல்வது. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள் செமாக்ளூடைடு போன்ற ஊசியோ சிட்டாகிளிப்டின் வகை மாத்திரையோ தொடங்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

"ஃபேட்டி பேன்கிரியாஸ்", "இன்க்ரீஸ்டு எக்கோஜெனிசிட்டி" இரண்டும் ஒன்றேதான்: கணையம் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிகிறது, கொழுப்பு படிந்திருக்கலாம். பருமனும் இரண்டாம் வகை சர்க்கரையும் உள்ளவர்களில் இது மிகச் சாதாரணம். வயதானாலே கணையம் வெள்ளையாகும். அதோடு, வெள்ளை என்பது எதோடு ஒப்பிட்டு? வழக்கமாகக் கல்லீரலோடு. சர்க்கரை நோயாளியின் கல்லீரலிலும் கொழுப்பு இருக்கும் என்பதால் அந்த ஒப்பீடு பயனற்றுப் போகிறது. சிறுநீரகப் புறணியை வைத்து ஒப்பிட வேண்டும். கணையக் கொழுப்பு சர்க்கரைக்குக் காரணமா, உடன்பிறப்பா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இதற்கென்று மருந்தும் இல்லை. எடை குறைந்தால் அதுவும் குறையும். இந்த ஒரு வரிக்காகத் தூக்கம் கெட்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வேண்டியதில்லை.

அலைய வேண்டிய வரி வேறு. ஐம்பது தாண்டி புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது என்று அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு 2005-இல் காட்டியது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இல்லை என்பதால் எல்லோரையும் சி.டி.க்கு அனுப்ப முடியாது. ஆனால் சர்க்கரை வேகமாக ஏற, எடை தானாக இறங்க, பசியும் போனால் அந்த ஒருவராக இருக்கக்கூடும். சர்க்கரை வந்தால் எடை குறையும் என்று எல்லோரும் சொல்லிச் சமாதானம் ஆகும் இடம் இது. மருந்து தொடங்கிச் சர்க்கரை அடங்கிய பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனால் அந்தச் சமாதானம் செல்லாது. அல்ட்ராசவுண்டில் கட்டி கறுப்பாகத் தெரியும். கட்டியே தெரியாமல் பித்தக் குழாயும் கணையக் குழாயும் ஒருசேர விரிந்திருந்தால், அல்லது கணையக் குழாய் ஓரிடம் வரை விரிந்து சட்டென்று முடிந்தால், அதுவே போதிய எச்சரிக்கை. ஆனால் 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டியையும் வாலில் உள்ளதையும் இது எளிதாகத் தவறவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்தாலும் கணையத்துக்கென்றே இரண்டு கட்டமாக எடுக்கும் சி.டி. தேவை: சாய மருந்து ஏற்றிய 40–45 நொடியில் ஒன்று, 70 நொடி வாக்கில் இன்னொன்று. வெறுமனே "வயிற்று சி.டி." என்று எழுதினால் முதல் கட்டம் கிடைக்காது, சிறு கட்டி அந்தக் கட்டத்தில்தான் தெளிவாகத் தெரியும். மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் இதற்குமுன் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே என்றால் அந்த மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். கணையப் புற்றில் ஏறும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையை, நோயில்லாதவரிடையே நோயாளியைத் தேடும் சோதனையாகப் பயன்படுத்த முடியாது. மஞ்சள் காமாலையிலும், சில நேரம் கட்டுப்பாடற்ற சர்க்கரையிலுமே அது ஏறும். கணையக் கல் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கணையப் புற்றின் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்களுக்கு வலி புதிதாகத் தலைகாட்டினாலோ எடை சரிந்தாலோ இந்தப் படியை உடனே ஏற வேண்டும்.

கணையக் கல் உறுதியானால் அடுத்து என்ன? ஹெச்பிஏ1சி மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைவு என்றால் செரிமான நொதி போதவில்லை. 100-க்குக் குறைவு என்றால் கடும் பற்றாக்குறை. ஒவ்வொரு முழுச் சாப்பாட்டோடும் 25,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் உள்ள நொதி மாத்திரை வேண்டும். முதல் உருண்டையோடு போட வேண்டும், சாப்பிட்டு அரைமணி கழித்துப் போட்டால் வீண். நொதி தொடங்கியதும் சோறு ஒழுங்காகச் செரித்து சர்க்கரை ஏறும், இன்சுலின் அளவைத் திருத்த வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லாததால் "மாத்திரை சுகரை ஏத்துது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். வலி தொடர்ந்தால் கல்லை வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பது, எண்டோஸ்கோப் வழியாக எடுப்பது, அறுவை செய்து குழாயைக் குடலோடு இணைப்பது என்று வழிகள் உண்டு. இவை வலியைத் தீர்க்கும். போன இன்சுலின் பெரும்பாலும் திரும்பாது.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டில் "வயிற்று ஸ்கேன், சுகர் நோயாளி" என்று மட்டும் இருந்தால் பார்ப்பவர் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் என்று ஓட்டிவிட்டு, கணையத்தில் ஒரு நொடி நின்று நகர்ந்துவிடுவார். "24 வயது, எடை 42 கிலோ, சிறு வயதிலிருந்து வலி, கணையக் கல் உண்டா?" அல்லது "58 வயது, ஆறு மாதத்தில் 7 கிலோ குறைவு, புதிய சர்க்கரை, கணையக் குழாய் அளவு தேவை" என்று இருந்தால் அதே மருத்துவர் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, வால் வரை போய்ப் பார்ப்பார். பழைய அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இன்றைக்கு அளந்த 3 மி.மீ. குழாய் தனியாகப் பார்த்தால் சாதாரணம். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தாளில் அதே இடம் 1.5 மி.மீ. என்று இருந்தால், அடுத்த சீட்டு சி.டி.க்குத்தான்.